டிராயிங் பீரியடில் தூக்கம்

"நீங்களே வந்து பாருங்க மேடம். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரு. இன்னிக்கும்!"

தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றபடியே கணக்கு வாத்தியார் பொரிந்து தள்ளினார். உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

தலைமையாசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். காலையில் குழாய் உடைந்து வராந்தா முழுக்கத் தண்ணீர். அதைத் துடைத்து முடிப்பதற்குள் இரண்டு டீச்சர்கள் லீவு என்று போன். வீட்டிலிருந்து கொண்டுவந்த காபி மேஜையிலேயே ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

"யாரு, டிராயிங் சாரா?"

"வேற யாரு? நாமெல்லாம் தொண்டை கிழியக் கத்துறோம். அவருக்கு நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டுச் சம்பளம்."

"எனக்கே நின்ன வாக்குல தூங்கிடலாம் போல இருக்கு சார். அவரை மட்டும் என்ன சொல்ல?"

"விளையாட்டு இல்ல மேடம். போன வாரமும் இதே கூத்துதான். அடுத்த வருஷம் ஓவிய வாத்தியார் வேணுமா வேண்டாமான்னு கல்வி ஆபீஸ்ல கேட்டிருக்காங்கல்ல? வேண்டாம்னு சொல்லிட்டு அந்தப் பீரியடை எனக்குக் குடுங்க. பாதிப் பாடம் பாக்கி கிடக்கு."

கேட்டிருந்தார்கள்தான். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அந்த ஆளுக்கு வேலை போய்விடும். அந்த நினைப்பிலேயே அவள் நாளெல்லாம் ஆபீசுக்குப் போன் போடாமல் இருந்தாள்.

"அவர் தூங்கும்போது பிள்ளைங்க என்ன பண்றாங்க?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். மூச்! எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம என்னோட கணக்கு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்காங்க. நான் குடுத்த வீட்டுக்கணக்கா இருக்கும். பிள்ளைங்களுக்கு இருக்கிற பொறுப்பு அவருக்கு இல்ல பாருங்க."

கணக்கு வாத்தியார் எதிரில் நின்று பாடம் நடத்தும்போதே சந்தைக்கடை மாதிரி இரைகிற வகுப்பு அது. தலைமையாசிரியை அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்குத் தனியாக ஒரு பஞ்சாயத்து வைக்க வேண்டும். செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஓவிய வாத்தியார் வகுப்புக்கு நடுவில் நாற்காலி போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கைகளைத் தொங்கவிட்டுக் கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் உட்கார்ந்திருந்த ஈயைக்கூட விரட்டவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தோடு கொஞ்சம் பொறாமையும்தான். இப்படி நிம்மதியாகக் கண்ணை மூடி எத்தனை காலம் ஆகிறது!

அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே வகுப்புக்குள் நுழைந்தாள். எழுந்திருக்கப் போன பிள்ளைகளைக் கையமர்த்திவிட்டு, நேராகப் போய் அவர் தோளைத் தட்டக் கையை நீட்டினாள்.

"ஐயோ, தொடாதீங்க பெரிய டீச்சர்!" முன் பெஞ்சுப் பெண் பதறிப்போய்க் கிசுகிசுத்தாள். "அவர் அசைஞ்சா என் காது போயிடும்!"

"உன் காதா?"

"நான் வரையிற காது."

தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தாள். கணக்கு நோட்டுகள் எல்லாம் பின்பக்கம் திருப்பி விரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சாய்ந்த ஒரு தலை. ஒன்றில் மூக்கு கத்திரிக்காய் மாதிரி. ஒன்றில் முடி மட்டும் அச்சு அசலாக அவரேதான்.

கூடவே வந்த கணக்கு வாத்தியார் ஒரு நோட்டை எடுத்து முன்பக்கம் புரட்டினார். வீட்டுக்கணக்கு போட வேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. சத்தம் காட்டாமல் அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அதுக்கு ஏன் இப்படித் தூங்கணும்?" அவள் குரல் தானாகவே இறங்கியிருந்தது.

"தூங்கல டீச்சர். அவர் எங்களையே பார்த்தா எங்களுக்குச் சிரிப்பு வந்துடுது. நாங்கதான் கண்ணை மூடிக்கச் சொன்னோம்."

"வாய்?"

"அது நான் கேட்டது!" பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி. "எனக்குப் பல்லு வரையணும்."

"பார்த்து வரையப் பொம்மைத் தலை ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி சார் உங்ககிட்டக் கேட்டாராமே டீச்சர்," என்றாள் முன் பெஞ்சுப் பெண். "இருக்கிறத வச்சு நடத்துங்கன்னு சொல்லிட்டீங்களாம். இருக்கிறது என் தலைதான், வச்சுக்கோங்கன்னு உட்கார்ந்துட்டாரு."

அப்படிச் சொன்னதே அவளுக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்கிறாள்!

காதில் ஆபீஸ் குரல் இரைந்தது. "ஹலோ! சொல்லுங்க மேடம். ஓவிய வாத்தியார் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்," என்றாள், பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லாத குரலில். "கட்டாயம் வேணும்."

போனை வைத்த பிறகும் அவளுக்கு அந்த இடத்தை விட்டு நகரத் தோன்றவில்லை.

கண்ணைத் திறக்காமல், உதட்டை அசைத்தும் அசைக்காமலும், ஓவிய வாத்தியார் சொன்னார்:

"மேடம், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிள்ளைங்களுக்கு வெளிச்சத்தை மறைக்கிறீங்க."