நல்லி எலும்பு

"அந்த நல்லி எலும்ப வீரணன் மாமா இலைல வைம்மா," என்றாள் தமிழ்வாணி.

பாண்டிமீனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அந்தக் குடும்பத்தில் நல்லி எலும்பு சோணைமுத்துவின் இலைக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். கணவன் வீட்டில் இல்லாத இந்த ஐந்து வருஷமும் அவள் கறிக்கடையில் நல்லி எலும்பு கேட்டதே இல்லை.

"அது அப்பாவுக்குடி," என்று சொல்லிப் பார்த்தாள். மகள் விடவில்லை. எலும்பு இலை மாறியது.

சோணைமுத்து சிரித்து வைத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

திருவாதவூர்க் கண்மாய்க்கரைத் தோப்பில், புளியமரத்து நிழலில் இலை போட்டிருந்தார்கள். மூன்று நாள் விடுப்பில் இன்று கடைசி நாள். முதல் இரண்டு நாளும் சொந்தபந்தம் வந்து போனதிலேயே கரைந்துவிட்டது. இன்றைக்காவது பெண்டாட்டி பிள்ளையோடு எங்கேயாவது போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டான். கூட வந்திருந்த வீரணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியென்றார். பாண்டிமீனா விடியலிலேயே எழுந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, ஈரல் வறுத்து, கோலா உருண்டை பொரித்துத் தூக்குவாளிகளில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தமிழ்வாணிக்கு ஐந்து வருஷமாக அப்பா என்றால் சவுதி. எப்போதாவது வரும் போன், அதுவும் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிடும். அப்பாவோடு வந்திருப்பவர் அங்கே கூட வேலை பார்ப்பவர், இருவரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

சோணைமுத்து போகும்போது அவள் ரெண்டாங்கிளாஸ். தன் தட்டில் பாதியை அப்பனுக்கு ஊட்டிவிட்டுத்தான் மீதியைச் சாப்பிடுவாள். அந்தப் பிஞ்சுக் கையால் இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் அவன் ஐந்து வருஷமாக ஏங்கிக் கிடந்தான்.

வந்து பார்த்தால், மகளுக்கு எல்லாம் வீரணன் மாமாதான். காலையில் அவருக்குச் சுக்குக்காபி, சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு, படுத்தால் ஃபேனை அவர் பக்கமாகத் திருப்பி வைப்பது. பெற்றவன் ஒருத்தன் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

வழக்கம்போல அவசர அவசரமாகச் சாப்பிட்ட சோணைமுத்து, கடைசிச் சோற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"ஏத்தா, அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டிவிடுறியா?"

"இருங்கப்பா, மாமாவுக்கு ரசம் ஊத்திட்டு வாரேன்."

வீரணனுக்கே சங்கடமாகிவிட்டது. "எனக்குப் போதும் தாயி. நீ அப்பாவக் கவனி," என்றார்.

"அவசரம் இல்ல மாமா. இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கங்க. மெதுவாச் சாப்பிடுங்க."

சோணைமுத்து ஒதுக்கிய சோற்றைத் தானே வாயில் போட்டுக்கொண்டு இலையை மூடினான். பிள்ளையைக் குறை சொல்லி என்ன செய்ய, வளரும் வயசில் கூட இல்லாத அப்பன் அசலான்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ வந்தது. பாண்டிமீனா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பாத்திரங்களை எடுத்து வைத்தாள். அவளிடம் சொல்லிக்கொண்டு திரும்பினால் மகளைக் காணோம். ஆட்டோ பக்கம் வீரணனிடம் ஒரு டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கிளம்புகிற நேரத்திலும் அவருக்குத்தானா என்று நினைத்தபடியே சோணைமுத்து நடந்தான். நெருங்க நெருங்க அவள் தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

"கோலா உருண்டை மாமா, உள்ள விடுறதுக்கு முன்னாடி அப்பாவுக்கும் ரெண்டு குடுத்துருங்க. எனக்கு எல்லாம் தெரியும்னு மட்டும் சொல்லிறாதீங்க, அவர் தாங்க மாட்டாரு. அடுத்த பரோலுக்கும் நீங்களே காவலுக்கு வாங்க மாமா. வேற போலீஸ்னா, அப்பாவ இப்படி எங்ககூட உக்காந்து சாப்பிட விடுவாங்களோ என்னவோ."