வாசலில் நின்ற ஆள்

ஜெயம்மாளுக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது. மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த மூன்று தடவையும் கவனித்தாள். அன்புச்செல்வனின் ஜவுளிக்கடை வாசலில், மண்டை பிளக்கும் வெயிலில், அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. டீக்கு ஓடவில்லை, செல்போனை நோண்டவில்லை.

நேராகக் கடைக்குள் போனாள்.

"இவனை எங்கூட அனுப்புங்க மொதலாளி. மக்காச்சோளம் கதிர் வுட்டுடுச்சி. காவலுக்கு வெச்ச ரெண்டு பேரும் தூங்கிக்கினு கெடக்கறானுங்க. கிளி பாதியைத் தின்னுடுச்சி."

"ஒன்பது வருஷமா நிக்கிறவன்மா. அவனைப் பார்த்துதான் ஜனமே உள்ள வருது. தர முடியாது" என்றார் அன்புச்செல்வன்.

பி.காம். படிக்கும் மகள் அபிநயா கல்லாவிலிருந்து எழுந்து வந்து விளக்கினாள்.

"விக்கிறதுக்கு வெச்சிருக்கிறது ஸ்டாக்கும்மா. அதோட, கடை நடக்கறதுக்கு வேணுங்கிற எல்லாத்தையும் சேர்த்தா இன்வென்டரி. அவன் போட்டுக்கினு இருக்கிற சட்டை ஸ்டாக்கு, அதைக் குடுப்போம். அவன் வெறும் இன்வென்டரி, குடுக்க மாட்டோம்."

"வெறும் சட்டையை வாங்கிக்கினு போனா, அது சோளக்கொல்லையில நிக்குமா?"

கேட்ட கையோடு வாசலுக்குப் போன ஜெயம்மாள், அவன் இடுப்பைக் கட்டி அலாக்காகத் தூக்கினாள். முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து வலது கை கழன்று, 'டொக்' என்று படியில் விழுந்து உருண்டது.

அன்புச்செல்வன் கையைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார்.

"ஒத்தைக் கையை வெச்சிக்கினு இவன் இன்னாம்மா பண்ணுவான்?"

"கிளி வெரட்ட ஒரு கை போதுங்க."

அவர் பெருமூச்சு விட்டார்.

"அபி, இவனை ஸ்டாக்குல எழுதிக்கோ."