குழந்தைக்கு நேரமாச்சு

'பாகுபாடு இல்லாத வளாகம்' குறித்த பல்கலைக்கழகக் குழுவின் கூட்டம் ஐந்து மணியைத் தாண்டியும் இழுத்துக்கொண்டே போனது.

ஹென்னிங்குக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. ஐந்தரைக்குக் குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள். மகள் லீன்யா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனைவிக்குக் கப்பலில் வேலை, ஊரில் இல்லை. போன மாதம் இதே காரணத்துக்காக அவன் அனுமதி கேட்டபோது, "ஏன்ப்பா, வீட்ல பொம்பளை இல்லையா?" என்றார் குழுவுக்கும் அவன் துறைக்கும் தலைவரான ஃபோல்க்மார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனோ தற்காலிக விரிவுரையாளன். வேலை நீடிப்பது அவர் கையில்தான் இருந்தது.

"அடுத்தது, பெற்றோருக்கான சலுகைகள்," என்று ஆரம்பித்தார் ஃபோல்க்மார்.

எதிரே இருந்த விரிவுரையாளர் வீப்கே எழுந்தாள். "மன்னிக்கணும் சார். குழந்தையைக் கூட்டிட்டு வரப் போகணும், நேரமாச்சு."

"முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அம்மான்னா போய்த்தானே ஆகணும். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

ஹென்னிங் ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவளைப் பிடித்தான். "நல்லவேளை, காப்பாத்துனீங்க. உங்க குழந்தை எந்தக் காப்பகத்துல?"

"எனக்கு ஏது குழந்தை? நீங்க கடிகாரத்தப் பார்த்துத் தவிச்சுக்கிட்டு இருந்தீங்க. நீங்க கேட்டா சிரிப்பாங்க, நான் கேட்டா விட்டுடுவாங்க. அதான் கேட்டேன். சீக்கிரம் போங்க."

நன்றி சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று திரும்பிப் படியேறினான். ஃபோல்க்மார் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அடுத்த கூட்டத்தை அஞ்சுக்குள்ள முடிச்சிடுங்க. என் பொண்ணை நான்தான் கூட்டிட்டு வரப் போகணும்."

பதிலுக்கு நிற்காமல் இறங்கி ஓடினான்.