மேலே உள்ளதெல்லாம்

கோர்ட் வாசல் பெஞ்சில் ஒரு துண்டு வெயில் விழுந்திருக்கிறது. ஜனவரி மாதத்துத் தில்லியில் அதற்குத்தானே எல்லோரும் அலைகிறோம்! என் அண்ணன் மகன் ஆரோன் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், பக்கத்து இடத்தில் அவன் ஃபைல். அவன் தங்கை ஜூலியா நிழலில் நின்றபடி ஆரஞ்சு உரிக்கிறாள், விரலெல்லாம் குளிரில் சிவந்திருக்கிறது. என் அண்ணன் தன்னுடைய கரோல் பாக் வீட்டுக்கு உயில் எழுதும்போது கீழ்வீடு ஜூலியாவுக்கு, மேலே உள்ளதெல்லாம் ஆரோனுக்கு என்று எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இவன் மொட்டை மாடியும் எனக்குத்தான் என்று பூட்டிவிட்டான். கீழ்வீட்டுக்காரிக்கு வெயில் என்று இருப்பதே அங்கேதான், பாருங்கள். அண்ணன் இருந்தவரை குளிர்காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கேதான் உட்காருவார். ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது, முழு உயிலையும் படித்து, எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்று பார்க்கணும், சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்கிறேன் என்று ஜட்ஜம்மா காலையில் எழுந்து போய்விட்டார். “வெயில்ல வந்து உக்காரேன்டி” என்கிறேன். “வேண்டாம் அத்தை. வெயிலும் மேலேருந்துதான வருது, அதுவும் அண்ணனுக்குத்தான்.” ஆரோன் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறான். காலியான பலகையில் வெயில் பரவுகிறது. ஜூலியா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, பாதி ஆரஞ்சை அங்கே வைத்து, அதற்கு அந்தப் பக்கம் உட்காருகிறாள். அவன் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, “அப்பான்னா கொட்டைய எடுத்துட்டுக் குடுப்பாரு” என்கிறான். “எங்க உக்காந்து குடுப்பாருன்னும் சொல்லேன்” என்கிறாள் அவள். உள்ளேயிருந்து எங்கள் கேஸைக் கூப்பிடுகிறார்கள். மென்றுகொண்டிருந்த ஆரோனின் வாய் அப்படியே நின்றுவிடுகிறது.