ஏழாம் நம்பர் பெல்ட்

"சத்தம் போடாம ஏறி நில்லு. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க" என்றார் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

சத்தம் போட்டது அவர்தான். அதைச் சொன்னால் இன்னும் சத்தம் போடுவார் என்று அவள் பேசாமல் டிரெட்மில்லில் ஏறினாள்.

டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பு கனத்துப்போன அவளைத்தான் டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். "எதுக்கும் நீங்களும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடுங்க சார்" என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தார். "எனக்கென்ன கேடு? கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்று எழுந்து வந்துவிட்டார் மனிதர். இன்றைக்கும் அவளுக்குத் துணையாக வந்திருப்பதாகத்தான் பேச்சு.

துணைக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? மெஷினில் ஏறுவதற்கு முன்னாலேயே, ஜிம் மாஸ்டர் மேஜையில் வைத்திருந்த பெல்ட்டுகளில் இரண்டைத் தானே எடுத்தார். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடுமாம். கையை எட்ட நீட்டி, கண்ணைச் சுருக்கி, "ஏழு உனக்கு, ஒண்ணு எனக்கு" என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்.

"உள்ள போய் நெஞ்சோட ஒட்டினாப்பல கட்டிக்குங்க மேடம். உடம்புல பட்டாத்தான் துடிப்பு தெரியும்" என்றார் மாஸ்டர். பிறகு சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். பெல்ட் நம்பர், அதற்கு நேரே நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று ஓடியது. "பச்சைன்னா நல்லாப் போகுது. மஞ்சள்னா போதும். சிவப்பு வந்தா நிறுத்திடணும். புதுசா வர்றவங்க பச்சையிலயே இருங்க. பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கிட்டே போக முடியணும், அதான் அளவு."

அவள் நடந்தாள். பயந்த அளவுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. பக்கத்து மெஷினில் அவர் எடுத்த எடுப்பிலேயே ஓட ஆரம்பித்திருந்தார்.

"ஏங்க, தண்ணி பாட்டில் எடுத்தீங்களா?"

அவர் கையை மட்டும் ஆட்டினார்.

"ஏழாம் நம்பர் யாரு? கொஞ்சம் வேகத்தைக் குறைங்க" என்று மைக்கில் குரல் வந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் ஏழுக்கு நேரே மஞ்சள். கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மேல்வீட்டுக்காரம்மா ஓடிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாளைக்குக் காலைக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். மஞ்சள் சிவப்பாயிற்று.

"மானம்... போச்சு" என்றார் கணவர். இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவருக்குப் பேச்சு நடுவில் நின்றுவிட்டது. அவ்வளவு கோபம் என்று அவள் கூனிக்குறுகிப் போனாள்.

"மேடம், எறங்கி உக்காருங்க. ரெண்டு நிமிஷத்துல குறைஞ்சிடும்" என்று மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கு மூச்சே வாங்கலையே தம்பி."

"மெஷின் பொய் சொல்லுமா மேடம்? உள்ள நடக்கறது நமக்கே தெரியாது. சாரைப் பாருங்க, என்னமா ஓடறார், தொண்ணூறைத் தாண்டல. சார், நீங்க இன்னும் கொஞ்சம் கூட்டலாம்."

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். சட்டை தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

நாற்காலியில் அவள் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏழு இறங்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு என்றது.

மேல்வீட்டுக்காரம்மா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, சும்மா உக்காந்திருக்கறதுக்கே இப்படியா? இத்தனை நாள் இந்த உடம்பை வச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிச்சீங்களோ."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. இதயம் கெட்டுவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அத்தனை பேர் முன்னாலும் அது கெட்டுப்போனதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதோட விட்டுடுங்க. பெல்ட்டைக் கழட்டிக் குடுத்துட்டு நேரா டாக்டரைப் பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"ஏங்க, போலாமா?" என்று கணவரின் மெஷின் அருகே போய்க் கேட்டாள்.

அவர் திரும்பவே இல்லை. முகம் கன்றிச் சிவந்திருந்தது. பிடியை இறுகப் பற்றிக்கொண்டு எதிர்ச்சுவரையே வெறித்தபடி ஓடினார். கோபம் வந்தால் அவர் முகம் பார்த்துப் பேசமாட்டார் என்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே பழகிப்போனது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி வீட்டில் எத்தனை நாள் பேசாமல் இருக்கப் போகிறாரோ.

உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பெல்ட்டைக் கழற்றினாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்தபடியே மேஜைக்கு வந்தாள். பெல்ட்டை வைக்கப் போனவள், போகிற போக்கில் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்றாம் நம்பரின் பச்சை அணைந்து, எண் இருந்த இடத்தில் வெறும் கோடு கிடந்தது. ஏழாம் நம்பர் சிவப்பில் நூற்று எழுபத்து மூன்று, நூற்று எழுபத்து நான்கு என்று ஏறிக்கொண்டிருந்தது.

பெல்ட் இன்னும் அவள் கையில்தான் இருந்தது; அதன் மேல் ஒன்று என்று போட்டிருந்தது.

"ஏங்க, எறங்குங்க, எறங்குங்க" என்று கூடமே திரும்பிப் பார்க்க அலறிக்கொண்டு அவள் ஓடினாள்; இவ்வளவு நேரம் அவர் வாய் திறக்காதது கோபத்தால் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.