வேம்படியில் ஏழு நாள்

கணவருக்கு இடமாற்றம் கிடைத்து மன்னாரிலிருந்து அச்சுவேலிக்கு வந்ததிலிருந்து உதயகலாவுக்குப் பெரிய கவலை, முதலாம் வகுப்பில் சேர்த்த மகள் ஆரணிதான். பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாலே தாயைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பாள்.

“போகக்கூடாது அம்மா! உந்த வேம்படியிலையே இருங்கோ!”

வேறு வழியில்லாமல் உதயகலாவும், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் மற்றத் தாய்மாரோடு பள்ளி விடும்வரை வாசல் வேப்பமரத்தடியில் இருந்தாள்.

எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் ஆசிரியையிடம் போனாள். “வகுப்பிலையும் இப்பிடித்தான் அழுறாளோ, ரீச்சர்?”

“ஆர், ஆரணியோ? உள்ளுக்கை வந்தவுடனை கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சிரிக்கிறாள். அவளின்ரை வாயை மூட வைக்கிறதுதான் எனக்குப் பெரிய பாடு!”

உதயகலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், “ஏனடி என்னை ஏமாத்தினனீ?” என்று கேட்டாள்.

ஆரணி தலையைக் குனிந்தாள். “இஞ்சை கதைக்க ஒருத்தருமில்லையெண்டு நீங்கள் அடுப்படியிலை இருந்து அழுதனீங்கள் எல்லோ? அதுதான் அந்த அன்ரிமாரோடை இருக்க விட்டனான். இப்ப சிநேகிதம் பிடிச்சிட்டீங்களோ?”

உதயகலாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. “ஓம் பிள்ளை. ரெண்டு பேர்.”

“அப்பாடா! அப்ப நாளைக்கு நான் அழத் தேவையில்லை. தொண்டை நோகுது அம்மா.”