நன்றி சொல்லாத காலை

மொந்தேவிதேயோவின் கடற்கரைச் சுவரில் வெயில் இப்போதுதான் ஏறுகிறது. புற்றுநோய் வந்த வீடுகளுக்குப் பணம் திரட்ட, ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள் இந்த மாதம் முழுக்கத் தினமும் இங்கே, ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று ஊராரிடம் பேசி, தோப்புக்கரணம் போடுகிறார்கள். உட்கார்ந்து எழும்போதெல்லாம் மிர்த்தாவின் முழங்கால் எண்ணெய் காணாத கதவாகக் கிறீச்சிடுகிறது. சுவரின்மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறான் அவள் கணவன் ரூபென். மருந்தில் முடி கொட்டிய தலையைத் தொப்பிக்குள் மறைத்திருக்கிறான். வாயை மறைக்க மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

"இதுக்குப் பேரு தோப்புக்கரணமா? கீழ விழுந்த தோட்டைத் தேடுற மாதிரில்ல இருக்கு!"

"உனக்கென்னய்யா, ராசா மாதிரி குந்திக்கிட்டுப் பேசுவ. இறங்கி வந்து ஒண்ணு போடு பாப்போம்!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் கடற்பறவைகள் எழுந்து பறக்கின்றன. மிர்த்தா மூச்சு வாங்க வந்து பிளாஸ்க்கைச் சாய்த்து, அவனுக்கென்று தனியாக வைத்த சுரைக்குவளையில், மாத்தே என்கிற கசப்புத் தேயிலைமேல் வெந்நீர் ஊற்றித் தருகிறாள். பச்சை நுரை பொங்குகிறது. இந்த ஊரில் குவளையைத் திருப்பித் தரும்போது நன்றி என்றால், போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து முதல் குவளைக்கே அவனுக்குக் குமட்டிவிடும். நன்றி என்பான். அந்த மரியாதையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உறிஞ்சுகுழலின் அடியில் சர்ரென்று காற்று இழுபடுகிறது. அவன் காலிக் குவளையை நீட்டுகிறான். வாங்கிக்கொண்டு, அந்தச் சொல்லுக்காக அவள் நிற்கிறாள். ஓர் அலை வந்து சுவரில் உடைகிறது. அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிறான்.

"என்னடி முழிக்கிற? தண்ணி ஆறுது, ஊத்து."